குறட்டைக்குக் காவல் நின்ற பில்டர்

அன்று காலை கடையைத் திறந்து, கம்ப்யூட்டரில் பில்டர் யாரையெல்லாம் தடுத்தது என்ற பதிவைப் பார்த்தபோது எனக்கு ஒரே பெருமை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாலும், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியத்தில் நானும் ஒரு காவல்காரன். விஷமிகள் பக்கங்களைக் கெடுக்காமல் தானாகத் தடுக்கும் பில்டர்களை எழுதுவது என் வேலை. சம்பளம் கிடையாது, திட்டு உண்டு. முந்தின நாள் நான் போட்ட பில்டர், வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் கட்டுரையில் ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப மடக்கியிருந்தது.

முதலில் அந்த ஆள் ஒரு வரியை அழிக்கப் பார்த்திருக்கிறான். புது ஆள் எதையும் அழிக்கக்கூடாது என்று பில்டர் தடுத்தது. அடுத்து, "நான் குறட்டை விடமாட்டேன்" என்று எழுதினான். கட்டுரையில் 'நான்' வரக்கூடாது, தடுத்தது. பிறகு "விடமாட்டோம் விடமாட்டோம் விடமாட்டோம்" என்றான். ஒரே சொல்லை அடுக்கினால் விஷமம், அதையும் தடுத்தது. கடைசியில் காவல்காரர்கள் எங்கள் எல்லோரையும் திட்டினான். அதற்குத் தனியாகவே ஒரு பில்டர் இருக்கிறது.

எவனோ வேலையற்றவன் என்று சொல்லிக்கொண்டே டீ குடித்தேன்.

மதியம் அந்த வேலையற்றவன் கடைவாசலில் நின்றான். மலையில் ஜீப் ஓட்டும் ஏழுமலை, என் பழைய வாடிக்கை.

"அண்ணே, எங்க ஊர் பக்கத்தப் படிங்க."

படித்தேன். மக்கள்தொகைக்குக் கீழே இருந்தது: 'இவ்வூர் ஆண்களின் குறட்டை கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையம் வரை கேட்கும்.' நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே இருப்பவன், கேட்டதில்லை.

"எவன்டா எழுதுனது?"

"எங்க அக்கா வூட்டுக்காரரு. தமாசுக்காம்! ஞாயித்துக்கெழம எனக்குப் பாத்த பொண்ணு வூட்டுக்காரங்க வூடு பாக்க வராங்கண்ணே. பொண்ணோட அப்பா இதப் படிச்சிட்டு, 'இன்னாப்பா இப்பிடிப் போட்டுருக்குது'ன்னு போன்ல கேக்குறாரு. நானும் அழிச்சிக்கினே இருக்கறேன், ஏதோ ஒரு சனியன் வுடமாட்டேங்குது."

"அந்தச் சனியன எழுதுனதே நான்தான்டா."

அவன் அக்கா வீட்டுக்காரர் எழுதியது பில்டர் வருவதற்கு முன்பு. திருடனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, வீட்டுக்காரனை வாசலில் மடக்கியிருக்கிறேன். வரியை அழித்தேன். "சான்று இல்லாம இனிமே யாரும் எதையும் எழுதக்கூடாதுன்னு உங்க மாமாகிட்ட சொல்லு" என்று அவனுக்கே புத்தியும் சொன்னேன்.

ஞாயிறன்று பெண் வீட்டார் கொண்டுவந்த தட்டில் பூ, பழம், வெற்றிலையோடு ஒரு பொட்டலம் பஞ்சும் இருந்ததாம். "பொண்ணு காதுக்குங்க" என்றாராம் பெண்ணின் தாய்மாமன். எல்லோரும் சிரிக்க, ஏழுமலைக்கு முகம் சுண்டிவிட்டது.

சாப்பாடு முடிந்ததும் அதே தாய்மாமன் பாயில் சாய்ந்தார். விட்டார் பாருங்கள் ஒரு குறட்டை, கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாம். பெண்ணின் அப்பா தட்டிலிருந்த பஞ்சை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டார். "தேதி குறிச்சிடலாங்க. எங்க பொண்ணு இதுலயே வளந்தவ" என்றாராம்.

மறுநாள் ஏழுமலை போனை நீட்டினான். உள்ளே தாய்மாமனின் குறட்டை, பதிவு செய்திருந்தான்.

"சான்று கேட்டீங்களேண்ணே, இந்தாங்க. பொண்ணு ஊர் பக்கத்துல ஏத்துங்க."

"போடா!"

அவனே ஏற்றிப் பார்த்தான். பில்டர் தடுத்துவிட்டது. கல்யாணம் பிழைத்தது.

புதிதாகப் பில்டர் எழுத வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பூட்டும் முன்னால் உள்ளே யார் இருக்கிறார் என்று பாருங்கள். பில்டருக்கு வாசிக்கத் தெரியாது, நீங்கள்தான் வாசிக்க வேண்டும்.

கல்யாணத்துக்குப் போயிருந்தேன். என்னை அந்தத் தாய்மாமன் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். அதைத் தடுக்கும் பில்டரை இன்னும் யாரும் எழுதவில்லை.