ருக்குவின் கண்ணாடித் தொட்டி

ருக்குவுக்கு நீச்சல் தெரியாது. காட்டூரில் ஏற்றம் இறைத்து, நாற்று நட்டுப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவள். பழவேற்காட்டில் தோணி ஓட்டும் தருமனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும் ஏரியில் முழங்காலுக்கு மேல் இறங்க மாட்டாள். மற்றப் பெண்கள் சிரித்தால், "சிரிங்க. மீனுக்கு இரை போடத்தான் எங்க நைனா என்னப் பெத்தாரா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம் அது. கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும். சரக்கைத் தோணிகளில் இறக்கி, முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் கொண்டுவருவார்கள். அந்தத் தோணிகளை அமர்த்துபவர் துபாஷி ஆதிகேசவன். துரைமார் பேசுவதை ஊராருக்கும், ஊரார் பேசுவதைத் துரைமாருக்கும் எடுத்துச் சொல்வதும் அவர்தான். அதனால் இரண்டு பக்கமும் அவர் சொன்னதே சொல்லாக இருந்தது.

கார்த்திகை மழை ஓய்ந்திருந்த ஒரு பகலில் தருமனும் அவன் கூட்டாளி கோதண்டமும் கப்பலிலிருந்து செப்புப் பாளம் ஏற்றப் போனார்கள். தோணி நிறைந்த பிறகும், செம்பு அடைத்து, இரும்புப் பட்டை போட்டு அரக்கு முத்திரை வைத்த பெட்டி ஒன்றை ஆதிகேசவன் இறக்கச் சொன்னார்.

"ஐயா, ஏரித் தண்ணி வெளிய இழுக்குது. ஏரி வாயில அலை எழும்பி நிக்கும். இந்தப் பெட்டிய அடுத்த நடைக்கு வெச்சுக்கலாம்" என்றான் தருமன்.

"ஏத்துடா. ஓட்டறது உன் வேல, ஏத்தறது என் வேல."

முகத்துவாரத்தில் தோணி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கடைசியாக ஏற்றிய பெட்டி சறுக்கித் தண்ணீருக்குள் போயிற்று. ஆளும் மற்றச் சரக்கும் தப்பியதே பெரிது. முக்குளிப்பவர்கள் இறங்கித் தடவிப் பார்த்தார்கள். மழைத் தண்ணீர் சேறாகக் கலங்கி ஓடியது. கைக்கு எதுவும் அகப்படவில்லை.

பாரத்தைக் குறைக்கச் சொல்லியும் கேட்கவில்லை என்பது வெளியே வந்தால் ஆதிகேசவனின் உத்தியோகத்துக்கே ஆபத்து. அவர் கோட்டையில் வேறு கதை சொன்னார்: பெட்டி தண்ணீரில் விழவே இல்லை, தருமன் அதை எங்கோ கரையில் இறக்கி ஒளித்துவிட்டான். தருமனைச் சரக்குக் கிடங்கில் அடைத்தார்கள். அவன் திருடன் என்று தெருத் தெருவாகத் தமுக்கு அடித்தார்கள். பெட்டி வராவிட்டால் அவனை அடுத்த கப்பலில் ஏற்றிக் கடல் தாண்டி அனுப்பிவிடுவார்கள் என்ற பேச்சும் வந்தது. அப்படிப் போனவர்கள் திரும்பியதில்லை.

ருக்கு கிடங்கு வாசலுக்குப் போனாள்.

"ஒத்துக்கச் சொல்லு. எங்க வெச்சான்னு சொன்னா உசிரோட விடச் சொல்றேன்" என்றார் ஆதிகேசவன்.

"அது கீற எடம் உங்களுக்கே தெரியும். ஏரி வாயில, தண்ணிக்கு அடியில."

"நீ பாத்தியா?"

"பாக்கல. பாத்துட்டு வரேன்."

கோபத்தில் சொல்லிவிட்டாள். வழியெல்லாம் தன் வாயைத் தானே நொந்துகொண்டு நடந்தாள். நீச்சல் தெரியாதவள் எதைப் பார்ப்பது? முக்குளிக்கும் ஒருவன் பார்த்துவந்து சொன்னாலும், கூலிக்குச் சொல்கிறான் என்று துபாஷி தள்ளிவிடுவார். கோட்டைக்காரர்களே தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஒல்லாந்தர் தெருவில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்த மரியம்மா அவளுக்குச் சிநேகிதி. அந்த வீட்டு ஜன்னலிலிருந்து கழற்றி எறிந்த, மூலை உடைந்த கண்ணாடி ஒன்றைக் காட்டினாள்.

"தண்ணி மேல அலையடிக்கறதாலதான் உள்ள தெரியல. இத அலைக்குக் கீழ வெச்சுட்டு மேலேந்து பாத்தா?"

சாராயப் பீப்பாய் ஒன்றைப் பாதியாக அறுத்தார்கள். அடிப்பலகையில் கண்ணாடி அளவுக்குத் துளை போட்டு, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி ஊற்றிக் கண்ணாடியைப் பதித்தார்கள். காய்ந்ததும் ஏரியோரம் கொண்டுபோய் மிதக்க விட்டார்கள். தொட்டி உடனே புரண்டு படுத்துக்கொண்டது.

இரண்டு கையாலும் அமுக்கினால் எருமைக் கன்று முட்டுவதுபோல மேலே முட்டியது. கை சற்றுத் தளர்ந்தால் பக்கவாட்டில் துள்ளியது. உள்ளே ஒரு கல்லை வைத்தாள். தொட்டி கல் இருந்த பக்கம் சாய்ந்து, கண்ணாடியில் வெறும் பச்சைத் தண்ணீர் தெரிந்தது. கல்லை எடுத்துவிட்டு, வலையின் அடிக் கயிற்றில் கட்டும் சுட்ட மண்குண்டுகளை வெளியே சுற்றிலும் கட்டினாள். ஆத்திரத்தில் கட்டியது அதிகமாகிவிட்டது. தொட்டி நேராக நின்றபடியே விளிம்புவரை அமிழ்ந்து, தண்ணீரை வாங்கிக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்தது. மரியம்மா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கித் தூக்கினாள். நல்லவேளை, கண்ணாடி தப்பித்தது.

"போதும் ருக்கு. இது நமக்கு அடங்காது."

"அடங்கும் அக்கா. இன்னும் கோவம் கீது அதுக்கு."

பிறகு ஒவ்வொரு குண்டாகக் கழற்றினாள். எந்தப் பக்கம் உயர்கிறதோ அந்தப் பக்கம் ஒன்றைச் சேர்த்தாள். பிடிப்பதற்கு இரும்புக் காது வைத்த பக்கம் அந்தக் கனத்தால் தாழ்ந்தே இருந்தது. அங்கே இரண்டைக் குறைத்தாள். அப்படியும் காற்றடித்தால் தலையாட்டியது. வலையின் மேல் கயிற்றில் வரும் மிதப்புக் கட்டைகளை விளிம்பை ஒட்டிக் கட்டினாள். கீழே கனம், மேலே மிதப்பு என்று ஆனதும் தொட்டி அடங்கி நின்றது. கண்ணாடி ஒரு முழம் தண்ணீருக்குள், விளிம்பு வெளியே. இரண்டு விரலால் பிடித்தால் போதும். குனிந்து பார்த்தாள். சேற்றில் ஒரு நண்டு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியது. ருக்கு சத்தம் போட்டுச் சிரித்தாள். தருமனை அடைத்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

சரக்கு ஏற்றத் தவிர முகத்துவாரத்துக்கு யாரும் தோணி எடுக்கக் கூடாது என்று ஆதிகேசவன் சொல்லியிருந்தார். ருக்கு கோதண்டத்தின் குடிசைக்குப் போனாள். பெட்டி விழுந்ததைக் கண்ணால் பார்த்தும், பயத்தில் வாய் திறக்காமல் இருந்தவன் அவன்.

"நீ பேச வேணாம் தம்பி. தோணிய மட்டும் தள்ளு."

"துபாஷி என்ன சும்மா விடமாட்டான் அண்ணி."

"உங்க அண்ணன மட்டும் விட்டுட்டானா? நாளைக்கு இன்னொரு பெட்டி விழும். அப்ப கிடங்குல நீ இருப்ப."

கோதண்டம் துடுப்பை எடுத்தான். மரியம்மாவும் ஏறிக்கொண்டாள்.

தை பிறந்து தண்ணீர் தெளிந்திருந்தது. கடல் தண்ணீர் உள்ளே ஏறும் நேரத்தில், காற்று எழும்புமுன் முகத்துவாரத்தை அடைந்தார்கள். ருக்கு தொட்டியை இறக்கினாள். அது மறுபடி எழும்பி ஆடத் தொடங்கியது.

"ஏரியில நல்லாத்தானே நின்னுது! இன்னாத்துக்கு இப்ப ஆடுது?"

"ஏரியில மழத்தண்ணி கலந்துகீது. இது உப்புத் தண்ணி, தூக்கும்" என்றான் கோதண்டம்.

கையில் வேறு குண்டு இல்லை. ருக்கு முந்தானையைக் கிழித்தாள். கோதண்டம் மணல் திட்டில் தோணியை ஒதுக்கினான். ஈர மணலைச் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டி, நாலு பக்கமும் பார்த்துப் பார்த்துத் தொங்கவிட்டாள். தொட்டி தாழ்ந்து நின்றது. ருக்கு தோணி விளிம்பில் கவிழ்ந்து படுத்துத் தலையைத் தொட்டிக்குள் விட்டாள். மரியம்மா அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். கீழே இரண்டு ஆள் ஆழம். தொட்டியின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டாள். தலையை எடுக்கவில்லை.

முதல் நாள் மணலைத் தவிர எதுவும் இல்லை. மறுநாளும் போனார்கள். வெயில் ஏறும் நேரத்தில் மணலுக்கு மேல் கறுப்பாக ஒரு மூலை தெரிந்தது. இரும்புப் பட்டை.

"இங்க! இங்கதான்! தோணிய நிறுத்து!"

கோதண்டம் குதிக்கப் போனான். ருக்கு அவன் கையைப் பிடித்தாள். "நாம தொடக் கூடாது. தொட்டா, ஒளிச்சு வெச்சத எடுத்தாங்கன்னு சொல்லுவான்." சற்றுத் தள்ளி ஒரு கழியை நட்டு அடையாளம் வைத்துத் திரும்பினார்கள்.

கோட்டை வாசலில், அதிகாரத்தில் இருந்த துரை வெளியே வரும்வரை நின்றார்கள். துரைக்குப் பக்கத்தில் ஆதிகேசவன். ருக்கு கையைக் கூப்பி எல்லாவற்றையும் சொன்னாள். ஆதிகேசவன் அதைத் துரையிடம் சுருக்கமாகச் சொல்லி, கையை வீசிக் காட்டினார். துரை தலையாட்டிவிட்டு நடக்கத் திரும்பினார்.

அப்போது மரியம்மா முன்னால் வந்தாள். ஒல்லாந்தர் வீடுகளில் வேலைக்காரர்களோடு பேசப் புழங்கிய, போர்த்துக்கீசியம் கலந்த பறங்கிப் பேச்சு அவளுக்கு அடுப்படியிலேயே படிந்திருந்தது. "துரை, இவர் மாற்றிச் சொல்கிறார். பெட்டி தண்ணீரில் இருக்கிறது. வந்தால் காட்டுகிறோம்" என்று அந்தப் பேச்சில் சொன்னாள். சொல் தெளிவாக இருந்தது. துரை நின்றார். செம்பு என்றால் அவர்களுக்கும் சும்மா இல்லை.

அன்று பிற்பகலே துரையின் படகு முகத்துவாரத்துக்கு வந்தது. ருக்கு தொட்டியை இறக்கிச் சரிசெய்து, காதைத் துரையின் கையில் கொடுத்தாள். அவர் நெடுநேரம் குனிந்து பார்த்தார்.

"நேத்துக் கொண்டுவந்து போட்டிருப்பாங்க" என்றார் ஆதிகேசவன், தமிழிலும் துரையின் மொழியிலும்.

ருக்கு அவர் பக்கம் திரும்பினாள். "கப்பல்ல நாலு பேரு சேந்து எறக்கின பெட்டி. நாங்க ரெண்டு பொம்பள, ஒரு ஆளு. பாதிப் பெட்டி மணல்ல பொதைஞ்சு கீது, ஒரே நாள்ல பொதையுமா? குனிஞ்சு பாருங்க ஐயா. அரக்கு முத்திர உங்களோடதுதான்."

மரியம்மா வரிக்கு வரி துரைக்குச் சொன்னாள். துரை தொட்டியைச் சுட்டிக் காட்டினார். ஆதிகேசவன் குனியத்தான் வேண்டியிருந்தது.

முக்குளிப்பவர்கள் கயிறு கட்டிப் பெட்டியைத் தூக்கினார்கள். முத்திரை உடையவில்லை. அப்போதுதான் கோதண்டம், யாரும் கேட்காமலே, பாரத்தைக் குறைக்கச் சொல்லித் தருமன் கெஞ்சியதைச் சொன்னான். மரியம்மா அதையும் துரைக்குச் சொன்னாள்.

அன்று மாலை தருமனை விட்டார்கள். அடி வாங்கி அவன் முதுகெல்லாம் தடித்துக் கிடந்தது. "கூட்டிக்கினு போ" என்றார் ஆதிகேசவன். ருக்கு கிடங்கு வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"தமுக்கு அடிச்சுத் திருடன்னு சொன்னீங்க. தமுக்கு அடிச்சே இல்லன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்."

"வா ருக்கு, வீட்டுக்குப் போலாம்" என்றான் தருமன்.

"நீ உக்காரு. உன் பேருதான் போயிருக்கு."

அவனும் உட்கார்ந்தான். தெருவில் கூட்டம் சேர்ந்தது. கடைசியில் கோட்டையிலிருந்து தமுக்குக்காரனை அனுப்பினார்கள். திருடன் என்று அடித்த எல்லாத் தெருவிலும் தருமன் குற்றமற்றவன் என்று அடிக்கச் செய்து, இருவரும் அவன் பின்னாலேயே நடந்தார்கள்.

ஆதிகேசவன் துபாஷியாகவே நீடித்தார். மரியம்மாவை வீட்டு வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவள் மீன் கூடை தூக்கிப் பிழைத்தாள். தருமனுக்குக் கப்பல் சரக்கு கிடைக்கவில்லை. தோணிரேவு என்ற ஏரிக்கரைக் குப்பத்துக்குக் குடிபெயர்ந்து வலை போட்டான். வலை அடியில் எதிலாவது சிக்கி அறுந்தால், தொட்டி வைத்துப் பார்க்கச் சொல்லிப் பக்கத்துக் குப்பத்தார் ருக்குவைத்தான் தேடி வருவார்கள்.

ஒரு வருஷம் கப்பல்கள் அதிகம் வந்து தோணி போதாமல் போயிற்று. துபாஷி அனுப்பியதாக ஓர் ஆள் தோணிரேவுக்கு வந்தான். பழையதை மறந்துவிட்டுத் தருமன் வரலாம் என்றான்.

"வருவாரு" என்றாள் ருக்கு. "ஆனா தோணியில எவ்வளவு ஏத்தணும்னு அவருதான் சொல்லுவாரு. துபாஷி வாயால அதச் சொல்லிட்டுப் போகச் சொல்லு."

வந்தவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனான். பதில் வரவில்லை. அந்தப் பருவம் முழுக்க அவர்கள் வீட்டில் கஞ்சிதான். கூப்பிட்டும், கோதண்டமும் அந்த வருஷம் சரக்கு ஏற்றப் போகவில்லை.