வகுப்புக்கே ஒரு மாத்திரை

செவ்வாய்க்கிழமை என்றாலே எனக்கு அலுப்புத்தான். வேலையை விட்டு இத்தனை வருஷம் ஆன பிறகும் அப்படித்தான் இருக்கிறது. அறுபதுகளில் அந்தமானில், போர்ட்பிளேரிலிருந்து காலை முதல் பஸ்ஸில் பெரார்கஞ்ச் போய், அங்கிருந்து நடந்தே மூன்று பள்ளிக்கூடங்களைப் பார்க்க வேண்டும். நர்ஸ் நான் ஒருத்திதான். சிரங்கு, பேன், குடல்புழு, மலேரியாவுக்கு விரலில் குத்தி ரத்தம் எடுப்பது என்று நாள் போகும். அட்டை கடித்து ரத்தம் வழிகிற காலோடு நின்றுகொண்டு பிள்ளைகளுக்குச் சுத்தம் பற்றிச் சொல்வேன். அவர்கள் என் காலைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

கடைசிப் பள்ளிக்கூடத்தில், மூன்றாம் வகுப்பில், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த கூலிக் குடும்பத்துப் பெண் ஒருத்தி படித்தாள். சிரங்கு பார்க்கும்போது அவள் முதுகில் வெளிறிய படை ஒன்று கண்ணில் பட்டது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பஞ்சை மெல்லத் திரித்து அந்த இடத்தில் தொட்டேன். "எப்ப சிஸ்டர் தொடப் போறீக?" என்று கேட்டாள். மறுநாளே அவளையும் அவள் அம்மாவையும் ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தேன்.

குஷ்டம்தான் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். ஆனால் மற்றவர்களுக்கு ஒட்டாத வகை, மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும், பள்ளிக்கூடத்தை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னார். வாராவாரம் என் கண்முன்னால் அவளை முழுங்க வைப்பது என் பொறுப்பு.

அவள் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "வெளிய தெரிஞ்சா இந்தப் பஸ்தில ஒரு வீட்டுக்காரகளும் எங்கள இருக்க விடமாட்டாகம்மா. இவ படிப்பும் போயிரும்."

"எம் வாயில இருந்து ஒரு வார்த்தை வராது" என்றேன்.

வாக்குக் கொடுப்பது சுலபம். ஒரு பிள்ளையை மட்டும் தனியே கூப்பிட்டு மாத்திரை கொடுத்தால் அடுத்த வாரமே ஊர் கேட்கும். அதனால் வகுப்புக்கே கொடுத்தேன். மற்றவர்களுக்குக் கால்சியம் மாத்திரை, அவளுக்கு மட்டும் அவள் மாத்திரை. இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம். வரிசையில் அவள் முறை வரும்போது என் கை வலது டப்பாவிலிருந்து இடது டப்பாவுக்குப் போகும், அவ்வளவுதான். பிள்ளைகளுக்குப் பல் உறுதியாகிவிட்டது என்று தலைமை ஆசிரியர் மற்றப் பள்ளிக்கூடங்களில் பெருமையடித்தார். எங்களுக்கு ஏன் இல்லை என்று அவர்கள் என் உயிரை வாங்கினார்கள். கால்சியம் ஏன் இப்படிக் கரைகிறது என்று ஆஸ்பத்திரி ஸ்டோர்க்காரர் வேறு முறைப்பார். எல்லோரிடமும் சிரித்துச் சமாளித்தேன். ஏழெட்டு மாதம் இப்படியே ஓடியது.

பிறகு மழைக்காலத்தில் எனக்கே மலேரியா வந்தது. செவ்வாய்க்கிழமை காலை எழுந்து நிற்க முடியவில்லை. ஒரு வாரம் தவறினால் ஒன்றும் ஆகிவிடாது, அது எனக்கே தெரியும். ஆனாலும் தவறக் கூடாது என்று ஒரு வீம்பு. பெரிய பொட்டலத்தில் கால்சியம், சின்னக் கவரில் அவள் மாத்திரை. பெயர் இல்லாமல் அனுப்பினால் வேறு பிள்ளை முழுங்கிவிடுமே என்று கவரின் மேல் அவள் பெயரை எழுதினேன். பெயரோடு நிறுத்தியிருக்கலாம். மருந்துக் கவர் என்றால் பெயர், மருந்து, அளவு என்று மூன்றையும் எழுதிப் பழகிய கை. காய்ச்சலில் அதுபாட்டுக்கு எழுதிவிட்டது. பஸ் கண்டக்டர் இரண்டையும் பத்திரமாகக் கொண்டுபோய், ஆள் பிடித்து வகுப்பு ஆசிரியரிடம் சேர்த்துவிட்டார்.

வகுப்பு ஆசிரியர் கவரைப் பார்த்தார். அந்த மருந்து எதற்கென்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். அன்று மத்தியானமே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவள் உட்கார்ந்த பலகையை டெட்டால் போட்டுக் கழுவச் சொன்னார். பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு வேறு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

காய்ச்சல் விட்டதும் டாக்டரின் கடிதத்தோடு ஓடினேன். தலைமை ஆசிரியர் அதை இரண்டு தடவை படித்தார்.

"டாக்டர் சிட்டி டீக் ஹை, சிஸ்டர். கடுதாசி சரிதான், எனக்குப் புரியுது. நாப்பது வீட்டுக்காரங்க பச்சாவ பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டேன்னு நின்னா நான் என்ன செய்யறது?"

"ஒட்டாதுன்னு நான் வந்து சொல்றேன்."

"இவ்வளவு நாள் நீங்க எங்கிட்டயே சொல்லலியே. உங்க பேச்ச இனிமே யார் நம்புவாங்க?"

கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மேலே புகார் எழுதலாம் என்று அவள் வீட்டில் சொன்னேன். இன்னும் நாலு பேருக்குத் தெரியத்தான் அது உதவும் என்றாள் அம்மா. என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "காச்சக்காரி, என்ன செய்வீக" என்று எனக்கே சமாதானம் சொன்னாள். அதை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

அதன் பிறகு மூன்று வருஷம் செவ்வாய்க்கிழமைதோறும் மூன்று பள்ளிக்கூடத்தையும் முடித்துவிட்டு, மேட்டில் ஏறி அவள் வீட்டுக்குப் போனேன். தப்பு செய்தவள் நடந்து தீர்க்கிறேன் என்று நினைத்தேனோ என்னவோ. கால்தான் வலித்தது. வேறெதுவும் தீரவில்லை. ஒரு வாரம்கூட அவள் மாத்திரைக்கு முகம் சுளித்ததில்லை.

படை மறைந்தது. உணர்ச்சி திரும்பியது. நோய் இல்லை, பள்ளியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சர்டிபிகேட் எழுதினார். பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியராகப் புதியவர் வந்திருந்தார். அவரும் சரி என்றார். மூன்று வருஷத்தில் முதல்முறையாக அந்த மேட்டில் வேகமாக ஏறினேன்.

அவள் முற்றத்தில் பாக்கு காயவைத்துக்கொண்டிருந்தாள். நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள்.

"நாளைக்கே போலாமா, சிஸ்டர்?"

"நாளைக்கே போலாம்."

"எந்தக் கிளாஸ்ல உக்காரணும்?"

"விட்ட எடத்துல இருந்துதான். மூணாவது."

 தாளை மடித்து என்னிடமே நீட்டினாள்.

"அதுல என் தங்கச்சி படிக்கிறா, சிஸ்டர்" என்றாள்.