உத்தரவு கேட்காமல் ஏறிய மலை

என் மகள் செல்விக்கு எட்டு வயது நடக்கும்போது முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டார். “அடுத்த காப்பிப் பறிப்புல இருந்து உம்புள்ள எங்க ஊட்டுலயே இருக்கட்டும். பாத்திரம் தேய்க்க ஆள் வேணும்” என்றார். என்னைக் கேட்கவில்லை, சொன்னார். எமர்ஜென்சி இருந்த சமயம் அது.

கொட்டச்சேடு பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் நாங்கள் கொத்தடிமைகள். என் மாமனார் என்றோ வாங்கிய கடனுக்கு என் வீட்டுக்காரர் உழைத்தார். அவரைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு நானும் உழைத்தேன். கூலி கேழ்வரகுதான். கேட்டைத் தாண்ட முதலாளி உத்தரவு வேண்டும். இப்போது என் பிள்ளையுமா? செத்துப் போகலாம் என்றுகூட நினைத்தேன்.

தோட்டத்திலிருந்து, சேர்வராயன் சாமியின் குகைக் கோயில் இருக்கிற மலை நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு திருவிழாவுக்கும் எங்களை விட்டதில்லை. போனால் திரும்பி வரமாட்டோமாம். காணிக்கை முடிந்து வைக்க என்னிடம் காசு ஏது? மஞ்சள் துணியில் ஒரு பிடி கேழ்வரகை முடிந்து, மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். “அப்பா சேர்வராயா, எம்புள்ளயக் காப்பாத்து. உன் குகைக்கு அவள நானே நடத்திக் கூட்டியாறேன்” என்று அழுதேன்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜீப் வந்தது. கொத்தடிமை வைக்கக் கூடாது என்று சட்டம் வந்து, விசாரிக்க ஓர் அதிகாரி வந்திருந்தார். முதலாளி முன்கூட்டியே மிரட்டியிருந்தார். “இஷ்டப்பட்டுத்தான் இருக்கறோம்னு சொல்லோணும், ஆமா!” முன்னால் நின்றவர்கள் எல்லோரும் கிளிப்பிள்ளை மாதிரி அதையே சொன்னார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அதையேதான் சொன்னேன்.

அடுத்து என் வீட்டுக்காரர். அதிகாரி மலையைக் காட்டி, “கோயிலுக்குக் கடைசியா எப்பப் போனீங்க?” என்றார். சும்மா கேட்டாரோ, சாமிதான் கேட்க வைத்ததோ!

முதலாளி முன்னால் தலை தூக்கியே அறியாத மனுஷன் அன்று நிமிர்ந்தார். “போனதே இல்லீங்க. பொறந்ததுல இருந்து அந்த மலையப் பாத்துட்டே இருக்கறனுங்க. உத்தரவு குடுத்ததில்லீங்க. எங்கப்பனுக்கும் குடுக்கல. எம்புள்ளயாச்சும் போவோணுமுங்க.” குரல் நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை. அடேயப்பா, என் புருஷனா இது என்று வாயைப் பிளந்து நின்றேன். அதன் பிறகுதான் மற்றவர்களும் உண்மையைச் சொன்னார்கள். சில வாரங்களில் எல்லோருக்கும் விடுதலைச் சான்றிதழ் கிடைத்தது.

மறுநாள் காலையில் கோயிலுக்குக் கிளம்பினால் என் வீட்டுக்காரரைக் காணோம். எங்கே என்று தேடினால், முதலாளி வீட்டுப் பின்வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறார், உத்தரவு கேட்க! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. “ஏனுங்க, இன்னும் யாருகிட்டக் கேக்கறீங்க? வாங்க போலாம்” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

செல்வி எங்களுக்கு முன்னால் ஓடி ஓடி மலை ஏறினாள். குகைக்குள் குனிந்து போய், முடிச்சை அவிழ்த்துக் கேழ்வரகைச் சாமி முன் கொட்டினேன். என் வீட்டுக்காரர் தேம்பித் தேம்பி அழுதார்.

இன்றும் கூலிவேலைதான் செய்கிறோம். ஆனால் பிடித்த தோட்டத்துக்குப் போகிறோம், பிடிக்காவிட்டால் நின்றுகொள்கிறோம். செல்வி பள்ளிக்கூடம் போனாள். வருடம் தவறாமல் திருவிழாவுக்கு வருகிறோம்.

கஷ்டத்தோடு இந்தக் கோயிலுக்கு வந்திருக்கிற மக்களே, சேர்வராயனை நம்புங்கள். யார் வாயிலாவது உங்களுக்கு ஒரு கேள்வியை அனுப்புவார். அப்போது என்னை மாதிரி பதில் சொல்லாதீர்கள், என் வீட்டுக்காரர் மாதிரி சொல்லுங்கள்.