சந்தனம் பூசிய சாளக்கிராமம்

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் ரயில் ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. கிள்ளான் அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கொம்யூட்டர் என்கிற புறநகர் ரயிலில் ஐந்து ரிங்கிட்டோடு போய்விடலாம். ஆனால் உள்ளே போடுகிற குளிருக்குப் போர்வைதான் கொண்டுபோக வேண்டும். சாத்தூர் வெயிலில் வளர்ந்த எனக்குப் பல் தந்தியடித்தது.

பக்கத்து இருக்கையில் வந்து பேச்சுக் கொடுத்தவர் காதர் அண்ணன். மஸ்ஜித் இந்தியா என்ற கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கிறார், கிள்ளானில் ஒரு கடைக்குச் சரக்கு காட்டப் போகிறார். நான் போவது 'தோற்றக் கூடம்' பார்க்க என்றதும் சிரித்தார். கோயில் அறக்கட்டளை ஒன்று நடத்தும் சின்ன அருங்காட்சியகம் அது. உலகம் உண்டான புராணத்தை அறிவியல் என்று பலகை எழுதி வைத்திருப்பதாகவும், அதைப் பற்றி ஊரே இரண்டுபட்டுக் கிடப்பதாகவும் என் விடுதிக்காரர் சொல்லியிருந்தார்.

"எங்க ஆளுங்கள்லயும் இப்படிப் பேசுறவங்க இருக்காங்க பாஸ்," என்றார் காதர் அண்ணன். "நான் துணிக்காரன், எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன். காட்டன் நல்ல துணி. அதுல பட்டுன்னு ஸ்டிக்கர் ஒட்டுனா அவமானம் பட்டுக்கு இல்ல, காட்டனுக்குத்தான்."

இதைக் கேட்கத்தான் நான் ரயிலேறுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். புத்தகத்தில் படித்ததைவிட இப்படிப் பக்கத்து இருக்கையில் கேட்டதுதான் எனக்கு அதிகம்.

கிள்ளானில் இறங்கி, பூக்கடைகளையும் முறுக்குக் கடைகளையும் தாண்டி நடந்தால், ஒரு கடைவீட்டின் மாடியில் கூடம். நுழைவுக் கட்டணம் ஐந்து ரிங்கிட். உள்ளே மோட்டாரில் விரியும் பெரிய தாமரை, அதற்குள் பிரம்மா. அடுத்து மீன், ஆமை, பன்றி, சிங்கமுகம் என்று வரிசையாக அவதாரங்கள். எல்லாவற்றுக்கும் மேலே கறுப்புப் பலகையில் தங்க எழுத்து: 'உலகம் தோன்றிய விதம்: அறிவியல் நிரூபித்த உண்மை.'

சுற்றிக் காட்டியவர் தமயந்தி. முப்பத்தைந்து வயதிருக்கும். சுங்கை பூலோவில் டியூஷன் சென்டரில் உயிரியல் சொல்லிக் கொடுத்தவர். அது மூடப்பட்டதும் இந்த வேலைக்கு வந்திருக்கிறார். கதை சொல்லும்போது அந்தப் பெண் பெரிய கெட்டிக்காரி. ஆமை மலையைத் தாங்கிய கட்டத்தில் என் முதுகே வலித்தது. அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"கதை சொல்றதுல ஒரு கஷ்டமும் இல்ல அங்கிள். ஸ்கூல் பஸ்ஸுல வர்ற பிள்ளைங்ககிட்ட கடைசியில 'இதான் சயன்ஸ்'னு முடிக்கணும். அங்கதான் வாய் வரமாட்டேங்குது."

மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு சாளக்கிராமம், கறுப்புக் கல்லில் சுருண்ட சக்கரம், சக்கரம் முழுக்க மெல்லிய வரிகள். அந்த வரிகளைக் காட்டி அவர் சொன்னதை நான் வாய் பிளந்து கேட்டேன். எத்தனையோ கோடி வருஷத்துக்கு முன் கடலில் வாழ்ந்த ஒரு பிராணியின் ஓடாம் அது. கடலடி மண் இமயமாக எழும்பியபோது கல்லாகி மேலே வந்து, இப்போது ஆற்றில் கிடைக்கிறது. கும்பிடுகிறவர்களுக்கு அது பெருமாள். தமயந்திக்கும்தான், வீட்டில் அவர் அம்மா பூசை செய்கிறார். அவர் கேட்டதெல்லாம் இரண்டு பலகை. நம்பிக்கைக்கு ஒன்று, அறிவியலுக்கு ஒன்று.

நிர்வாகத்தார் மறுக்கவில்லை. பொதுமக்கள் தீர்மானிக்கட்டும், அந்த முடிவுக்குக் கட்டுப்படுகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கூட்டம். தோற்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அதே பலகைக்குக் கீழ நிக்கணும், இல்ல வேற வேலை தேடணும். வேலை கிடக்குதா அங்கிள், சொல்லுங்க?"

என்ன மாதிரிக் கூட்டம் என்றேன். பட்டிமன்றம் என்றார்.

பட்டிமன்றம் என்றால் சோற்றை விட்டுவிட்டு ஓடுகிற ஆள் நான். ஆனாலும் மனசு சுருங்கிப் போனது. எல்லாரையும் சிரிக்க வைத்து, ஒருவரையும் நோகடிக்காமல் வீட்டுக்கு அனுப்புவதுதானே நடுவர் வேலை? அது தமயந்திக்கும் தெரிந்துதான் இருந்தது. வேறு எப்படிக் கூப்பிட்டாலும் நம் ஆட்கள் வரமாட்டார்கள் என்றார்.

ஞாயிறு மாலை ஐந்து மணி. மண்டபம் நிறைந்து வாசல்வரை கூட்டம். சாளக்கிராமத்தை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். பெருமாளை வெறும் மேசையில் வைக்க முடியுமா? பட்டு விரித்து, துளசி சாத்தி, சந்தனத்தைக் கெட்டியாகப் பூசிக் குங்குமம் வைத்தார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. செய்தது பக்தியோடுதான்.

எதிரணியில் அறக்கட்டளைச் செயலாளர் சிவபாலன் பேசினார். கத்தவில்லை. "இந்த நாட்டுல நம்மளுதுன்னு சொல்லிக்க என்ன இருக்கு? வெள்ளைக்காரன் சொன்னா சயன்ஸ், நம்ம தாத்தன் சொன்னா கதையா? நம்ம பிள்ளைங்க எங்கயாச்சும் ஒரு இடத்துல நிமிர்ந்து நிக்கட்டும்லா." அந்த வலியை என்னாலும் தள்ள முடியவில்லை.

பிறகு தமயந்தி. கல்லைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்து, "இந்த வரிகளப் பாருங்க," என்று கையை நீட்டினார். வரிகள் சந்தனத்துக்கு அடியில் இருந்தன. விரலால் ஒரு துடைப்புத் துடைத்தால் போதும். அத்தனை பேர் முன்னால், அதுவும் தன் அம்மா கும்பிடுகிற பெருமாள்மேல் இருக்கிற சந்தனத்தை, யார் துடைப்பார்கள்? நீட்டிய கை அந்தரத்தில் நின்றது, பிறகு மடங்கியது. மீதியை அவர் மனப்பாடமாகச் சொன்னார். கண்ணால் காட்ட வேண்டியதை வாயால் சொன்னால் யார் கேட்பது? மணி அடித்துவிட்டது.

அடுத்து வந்த எதிரணிக்காரர், "கோடி வருஷமா சுருண்டு கிடக்குன்னு தங்கச்சி சொல்றாங்க. எங்க வீட்டு சோபாவுல நானும் அப்படித்தான், என்னை யாரும் மியூசியத்துல வைக்கல," என்றார். மண்டபம் குலுங்கியது. நானும் சிரித்துவிட்டேன்.

நடுவர் தீர்ப்புச் சொன்னார்: புராணமும் அறிவியலும் நமக்கு இரண்டு கண்கள். கைதட்டல், பொன்னாடை, படம், பிறகு சாப்பிட மீகூன், அரிசிச் சேமியா. தட்டோடு வந்த சிவபாலன் தமயந்தியிடம் அன்பாகவே சொன்னார்: "ரெண்டும் ஒண்ணுதான்னு தீர்ப்பு வந்துருச்சும்மா. அப்புறம் எதுக்கு ரெண்டு பலகை?"

திங்கள் காலை மறுபடியும் கிள்ளான் போனேன், விமானம் இரவுதான். வாசலில் பள்ளிக்கூடப் பேருந்து நின்றது. தாமரை விரிந்தது, மூடியது. பிள்ளைகள் தமயந்தியின் பின்னால் ஆமையைத் தாண்டி, பன்றியைத் தாண்டிக் கண்ணாடிப் பெட்டிக்கு வந்தார்கள். சாளக்கிராமத்தில் சந்தனம் காய்ந்து ஓடுபோல ஒட்டியிருந்தது. ஒரு சின்னப் பெண் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்து, இது என்ன டீச்சர் என்று கேட்டாள்.

எங்கள் ஊர் மேடைகளிலும் எத்தனையோ 'இரண்டு கண்களுக்கு' நான் கை வலிக்கத் தட்டியிருக்கிறேன். அந்தத் தீர்ப்புகளுக்கு மறுநாள் காலை ஒன்று உண்டு என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

தமயந்தி என்னைப் பார்த்தார், பிறகு குழந்தையைப் பார்த்தார்.

"மேல பலகையில போட்டிருக்குல்ல," என்றார். "படிம்மா."

அவள் அந்தத் தங்க எழுத்துகளைச் சத்தமாகப் படித்தாள்.