அண்ணிக்கு ஒத்துக்கொள்ளாதவை

அண்ணி வெறுங்கால்களைத் தரையில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த கோடைக்காலக் காலைகள்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன. எங்கள் வீட்டுக் கூடத்தில் பழைய சிவப்புத் தரை. மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் தரையில் பதித்துக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த இடம் சூடேறியதும் மோடாவோடு கொஞ்சம் நகர்வார். அங்கும் குளிர்ச்சி போய்விட்டால் இன்னும் கொஞ்சம். நான் சமைத்து முடிப்பதற்குள் ஜன்னல் பக்கத்திலிருந்து சாமிபடம் இருக்கும் மூலைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். "மொளகா அரைச்சித் தடவுன மாதிரி இருக்குடி," என்பார். எரிச்சலைத் தவிர வேறு குறை அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

நான் பள்ளியில் படிக்கும்போது எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவர். அண்ணன் இறந்த பிறகும் குருசுக்குப்பத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எனக்கு வேலை. அண்ணி சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகன் குடும்பத்தோடு பிரான்சில் இருந்தான். சாயங்காலம் நான் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். கடற்கரைச் சாலையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடப்போம். கால் எரிச்சல் முதலில் அந்த நடையைத்தான் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. செருப்பின் வார் பட்டாலே துடித்துப் போவார்.

சர்க்கரை இருந்தால் கால் எரியத்தான் செய்யும் என்றார் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கத்தரிக்காய் ஆகாது, உருளைக்கிழங்கு வாயு, கருவாடு சூடு, முட்டை கூடாது என்று கோயிலில் பார்ப்பவர்கள்கூடச் சொன்னார்கள். அண்ணி ஒவ்வொன்றாக விட்டார். கடைசியில் மீனையும் விட்டார். மீன்காரம்மா கூடையை வாசலில் இறக்கி வைத்து, "என்னாம்மா, பாரை வேணாமா? காலையில வந்ததும்மா," என்று கெஞ்சுவது போலக் கேட்பார். அண்ணி உள்ளேயிருந்தே வேண்டாம் என்பார். ரசம், பீர்க்கங்காய், காலையில் சைக்கிளில் வரும் ரொட்டி என்று அவருடைய சாப்பாடு சுருங்கியது. வயிற்றுக்கு இதமாக இருக்குமென்று ரொட்டியை மட்டும் கூடுதலாக வாங்கினோம். ரவிக்கை தொளதொளத்தது. எரிச்சல் குறையவில்லை. முழங்கால் வரைக்கும் ஏறியது.

மகன் அங்கிருந்து தவித்தான். ஊருக்கு வருகிறவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புவான். நரம்புக்கு நல்லது என்று அவன் தேடித் தேடி வாங்கிய வைட்டமின் மாத்திரைகள் அதில் இருக்கும். அண்ணி அந்தப் புட்டியைத் திறக்கும்போது முகமே மாறிவிடும். மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, புட்டியைப் புடவைத் தலைப்பால் துடைத்து வைப்பார். வலி கூடிய நாட்களில் இரண்டாகப் போட்டுக்கொள்வார்.

கடைசியில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனோம். இளம் பெண். காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வீட்டில் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்துவரச் சொன்னார். மறுபடி போய் மேசைமேல் பையைக் கவிழ்த்தோம். அவர் ஒவ்வொரு அட்டையையும் திருப்பித் திருப்பிப் படித்தார். மகன் அனுப்பிய புட்டியை வெகுநேரம் படித்தார். ரத்தப் பரிசோதனை வந்ததும் விளக்கினார். வைட்டமின் பி பன்னிரண்டு மிகவும் குறைந்திருந்தது. பல வருடமாகச் சாப்பிடும் சர்க்கரை மாத்திரை அதைக் குறைக்கக்கூடியது. மீனையும் முட்டையையும் நிறுத்தியது இன்னும் மோசமாக்கியிருக்கும். பி ஆறோ அளவுக்கு மேல் ஏறிக் கிடந்தது. பெயர் வேறு வேறாக இருந்தாலும் இங்கே எழுதிக் கொடுத்த சத்து மாத்திரையிலும் அங்கிருந்து வந்த புட்டியிலும் அதுவேதான் இருந்தது.

"இது கொஞ்சமா இருந்தாலும் நரம்பு கெடும், ரொம்ப அதிகமானாலும் கெடும்மா. அந்தச் சத்து மாத்திரையையும் இந்தப் புட்டியையும் நிறுத்திடுங்க," என்றார் டாக்டர்.

அண்ணி மேசையிலிருந்த புட்டியை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "எம் புள்ள அனுப்பனது டாக்டர்," என்றார்.

ஆட்டோவில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவங்கிட்ட சொல்லிடாதடி. ஒடைஞ்சி போயிடுவான்," என்றார். நான் சொல்லவில்லை. போனில் அவன், "மாத்திரை போடறீங்களாம்மா?" என்று கேட்பான். "போடறேம்ப்பா," என்பார். புட்டிகள் தொடர்ந்து வந்தன. பிரிக்காமலே அலமாரியில் புடவைகளுக்குப் பின்னால் அடுக்கினார்.

பி பன்னிரண்டுக்கு ஊசி ஆரம்பித்தார்கள். விட்ட சாப்பாட்டை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் சில நாள் இடைவெளி கொடுத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். முதலில் முட்டை. பிறகு கத்தரிக்காய். எதனாலும் எரிச்சல் கூடவில்லை. மீன்காரம்மாவை நானே கூப்பிட்டு நிறுத்திய அன்று அண்ணி குழம்பில் சோற்றைப் பிசைந்து முதல் வாய் வைத்ததும் அழுதுவிட்டார். "காரம்டி," என்றார். அன்று குழம்பில் காரம் குறைவு என்பது எனக்குத் தெரியும். எல்லாம் முடிந்த பின், மிச்சமிருந்த ரொட்டியையும் டாக்டர் சொல்லி ஒரு மாதம் நிறுத்திப் பார்த்தோம். அதுவரை அண்ணி சொல்லாமலே வைத்திருந்த வயிற்று உப்புசம் போனது. காலும் கொஞ்சம் அடங்கியது. திரும்பச் சாப்பிட்டபோது மறுநாளே இரண்டும் வந்தன. இன்னொரு தடவை பார்த்தோம், அதேதான். கோதுமைக்கான பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. காரணம் நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விட்டுவிடுங்கள் என்றார் டாக்டர். யாருமே சந்தேகப்படாத ரொட்டிதான் அண்ணிக்கு ஆகவில்லை.

எரிச்சல் ஒரேயடியாக நின்றுவிடவில்லை. புட்டியை நிறுத்திய பிறகும் சில வாரம் கூடியது. அப்புறம் முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு இறங்கியது. பிறகு விரல்களில் மட்டும் நின்றது. அடுத்த வருட மழைக்காலம் முடிந்த ஒரு மாலையில், நான் வேலையிலிருந்து வந்தபோது அண்ணி செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். பழைய தூரம் நடக்கவில்லை. பாதியில் சுவரில் உட்கார்ந்துகொண்டோம். கடலைப் பார்த்தபடி இருந்தோம். அந்த மாலைக்கு ஈடாக இன்னொன்று என் வாழ்க்கையில் இல்லை.

மகன் விடுமுறைக்கு வந்தான். அம்மா நடப்பதைப் பார்த்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை. தன் மாத்திரைதான் வேலை செய்தது என்று நினைத்திருக்க வேண்டும். துண்டு எடுக்க அலமாரியைத் திறந்தவன் புட்டிகளோடு வந்து நின்றான். மறைக்க வழியில்லாமல் நான் எல்லாவற்றையும் சொன்னேன். "அங்கேர்ந்து என்னால வேற என்னா செய்ய முடிஞ்சிது, அத்தை?" என்றான். பிறகு அண்ணியின் பாதங்களுக்கருகே தரையில் உட்கார்ந்து, "எங்கூட வந்துடுங்கம்மா. இனிமே பொட்டலம் அனுப்ப மாட்டேன்," என்றான்.

அண்ணி என்னைப் பார்த்தார். கால் பழையபடி இருந்திருந்தால் அந்தப் பயணத்தை நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது. இப்போது முடியும். "போயிட்டு வாங்க அண்ணி. ஆனா ரொட்டி திங்கற ஊருக்குப் போறீங்க, பாத்துக்குங்க," என்றேன். மூவரும் சிரித்தோம். விமான நிலையத்தில் தள்ளுநாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு மகன் கையைப் பிடித்து நடந்தே உள்ளே போனார். அந்தக் கால்கள் சரியாக வேண்டுமென்று நான் வேண்டாத சாமியில்லை.

அது ஆகிச் சில வருடங்களாகிவிட்டன. அங்கே பேரனைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போகிறார். குளிரில் விரல்கள் மட்டும் கொஞ்சம் எரியுமாம். ஒருநாள் வீடியோவில் பேசும்போது, "எல்லாம் சௌரியமாத்தான் இருக்குடி. ஞாயித்துக்கெழமை அவங்க வெளிய போயிடறாங்க. தனியா சாப்புடறதுதான் எனக்கு ஒத்துக்கல," என்றார்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து வந்து சமைத்து மூடி வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். இங்கே மாலை நாலரை ஆகும்போது அங்கே மதியம். போனைச் செம்பில் சாய்த்து வைத்து, அண்ணி தட்டோடு வந்து உட்கார்ந்த பிறகு நானும் எனக்குப் போட்டுக்கொள்கிறேன்.