பாலத்து நடுவில் ஒரு ஏ ஃபோர்ட்டி

எனக்குப் பயம் வந்தால் கையும் காலும் நடுங்குவதில்லை. வாய்தான் வேலை செய்யத் தொடங்கும். கடல் பொங்கி வந்தாலும், அது ஏன் பொங்குகிறது என்று முன்னால் நிற்பவருக்கு விளக்கி, அவரை நம்பவைத்துவிட்டுத்தான் ஓடுவேன். என் மனைவி இதை நன்றாக அறிந்தவள். நான் ஒரு விடயத்தை விளக்கமாகச் சொல்லத் தொடங்கினால், அவள் மெல்லத் தன் செருப்பைத் தேடுவாள்.

மகளுக்குச் சம்பந்தம் பேச வவுனியாவிலிருந்து ஆட்கள் வந்த அன்றும் அதுதான் நடந்தது. மாப்பிள்ளையின் தாய், மகனின் கலியாணத்தை மடு மாதாவின் கோயிலில் வைப்பதாக அவன் பிறந்தபோதே நேர்ந்துவிட்டவ. ஆகவே மணப்பெண் பேசாலையிலிருந்து, எங்கள் தீவைப் பெருநிலத்தோடு சேர்க்கும் பாலத்தைக் கடந்து மடுவரை போக வேண்டும். மாப்பிள்ளையின் சித்தப்பா வாடகைக்கு வான்கள் விடுகிறவர். பிள்ளை வெயிலில் வாடக்கூடாது, குளிரூட்டி போட்ட புது வான் ஒன்று அனுப்பிவைக்கிறேன் என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஆனால் பெண்ணைப் பெற்றவன் அவளைக் கோயிலுக்குக் கொண்டுபோகக்கூட வக்கில்லாதவன் என்று அவர் சொன்னதாக என் காதில் விழுந்தது. பயம் வந்தது. வாய் திறந்தது.

“வான் வேண்டாம். பிள்ளை என்ட ஏ ஃபோர்ட்டியிலதான் வருவாள்.”

அந்த நேரம் என் ஏ ஃபோர்ட்டிக் காருக்குத் தரை இருக்கவில்லை. பின் ஆசனத்தில் ஒரு கோழி அடைகிடந்தது. ஐம்பதுகளில் பிறந்த, அடுப்பில் வெந்து வீங்கிய பாண் போன்ற அந்தக் காரை ஒரு பனங்காணி மூலையில் கண்டு, இழுத்துவந்து, வாகனம் திருத்தும் என் கராச்சின் பின்பக்கம் நிறுத்திவைத்திருந்தேன். திருத்தலாம் என்ற எண்ணம் இருந்தது. திருத்தப்போகிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரியவந்தது.

அவர்கள் போனபின் மகள் கேட்டாள், உண்மையாகவே அது ஓடுமா என்று. ஓடும் என்றேன். அப்படியானால் நானும் அதில்தான் போவேன் என்று சொல்லிவிட்டு, மறுநாளே தான் வேலை செய்யும் கந்தோர் முழுவதும் அறிவித்துவிட்டாள். இனி அந்தக் கார் வழியில் நின்றால், அவள் கூறைச் சேலையோடு இறங்கி, புகுந்த வீட்டாரின் வானில் ஏற வேண்டும். என் வாய்ச்சவடாலும் சீதனத்தோடு சேர்ந்து அந்த வீட்டுக்குப் போகும். பேரப்பிள்ளைகள் காலம்வரை அதை அங்கே வைத்துப் பேசுவார்கள்.

இயந்திரத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அதை இப்போதும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். படகு இயந்திரம், முச்சக்கரவண்டி, கிணற்றில் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் என்று உப்புக்காற்றில் இருமுகிற எல்லாவற்றுக்கும் இந்தக் கரையில் வைத்தியம் பார்ப்பவன் நான். ஏ ஃபோர்ட்டியின் இயந்திரத்தைக் கழற்றி மேசையில் பரப்பியபோது, அது எனக்குப் பழைய சிநேகிதன் மாதிரித்தான் தெரிந்தது. தரைத் தகடு அப்பளம்போல நொறுங்கியது. புதிதாக வெட்டி ஒட்டினேன். கஷ்டமெல்லாம் பாகங்கள் தேடுவதில்தான்.

கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் கேட்டுப் பார்த்தேன். ஒரு கடைக்காரர் என் பட்டியலைக் கேட்டுவிட்டு, கார் தேடுகிறாயா நூதனசாலை தேடுகிறாயா என்றார். அதன்பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. நம் பக்கத்தில் சண்டைக் காலத்தில் யாரும் எதையும் எறிந்ததில்லை. கார் செத்தாலும் அதன் உறுப்புகள் வேறு உத்தியோகத்தில் சேர்ந்துவிடும். ஆகவே காரின் பாகத்தைக் காரில் தேடக்கூடாது.

முன்விளக்கைச் சுற்றி வரும் வெள்ளி வளையம் எருக்கலம்பிட்டியில் ஒரு தேநீர்க் கடைச் சுவரில் இருந்தது, முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டமாக. கடைக்கார நானா பல வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வளவைத் துப்புரவாக்கும்போது மண்ணுக்குள் கிடந்ததாம். யாருடைய காரோ தெரியாது என்றார். வளையத்தைத் தரலாம், கண்ணாடியை எதில் மாட்டுவது என்று கேட்டார். லொறியின் நீளப் பக்கக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுத்தேன். இப்போது அங்கே தேநீர் குடிப்பவர்களுக்குப் பின்னால் மனைவி வருவது தூரத்திலேயே தெரிகிறது. கடையில் கூட்டம் கூடியிருக்கிறது.

கதவின் கைபிடி பெரியமடுவில் ஒரு மாட்டுக் கொட்டிலின் கதவில் இருந்தது. அந்த வயல்காரர் கொடுக்கத் தயங்கினார். ‘டிக்’ என்ற அந்தச் சத்தம் கேட்டால் தவிடு வருகிறது என்று மாட்டுக்குத் தெரியுமாம். சத்தம் மாறினால் அது பால் தராதாம். கடைசியில் வேறொரு கைபிடியை, அதே சத்தம் வரும்வரை அராவிப் பூட்டிவிட்டுத்தான் அதைக் கழற்றினேன். மாடு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. பிறகு தவிட்டைக் கேட்டது.

ஒவ்வொரு பாகம் கிடைத்தபோதும், பாலத்துக்குக் கிட்ட தெருவோரம் நிற்கும் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தருவது அவருடைய பொறுப்பு. எங்கள் பங்குச் சுவாமி ஒருநாள் அந்த வழியால் வந்தவர், திரிகளின் வரிசையைப் பார்த்துவிட்டு, அந்தோனியார் எப்போது ஸ்பெயார்ஸ் கடை திறந்தவர் என்று கேட்டார்.

இன்னொரு பாகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது தேடிக் கிடைத்ததல்ல, நானே பூட்டியது. தாங்கியிலிருந்து பெற்றோல் வரும் குழாயில், ஓட்டுநரின் வலது முழங்காலுக்குப் பக்கத்தில், விரல் அளவு பித்தளை ரப். தண்ணீர்க் குழாயில் இருப்பதுபோலத் திருப்பினால் திறக்கும், திருப்பினால் பூட்டும். கார் அசலாகப் பிறந்தபோது இது இருந்ததில்லை. நான் ஓட்டப் பழகிய சண்டைக் காலத்தில் பெருநிலப் பக்கம் பெற்றோல் கிடையாது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்தியதும் ரப்பைப் பூட்ட வேண்டும். மறந்தால் இருந்த சொட்டும் நிலத்துக்குப் போய்விடும். பிரேக் இல்லாத கார் ஓட்டியவர்கள் இருந்தார்கள். ரப்பைப் பூட்டாமல் இறங்கியவன் மறுநாள் நடந்துதான் போனான்.

இப்போது அதற்கு என்ன தேவை என்று மகள் கேட்டாள். கள்ளருக்காக என்றேன். ரப் பூட்டியிருந்தாலும் காபரேற்றரில் மிஞ்சிய பெற்றோலில் கார் கிளம்பும், கொஞ்சத் தூரம் ஓடும், பிறகு நின்றுவிடும். “களவெடுக்கிறவன் பாலத்தைத் தாண்டமாட்டான்” என்று, கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொல்லித் திரிந்தேன்.

கலியாணத்தன்று காலை கார் மினுங்கியது. சித்தப்பா கூறையைக் கொண்டுவந்தவர், வானையும் கொண்டுவந்திருந்தார். அது சும்மா பின்னால் வரட்டும் என்றார். மறுத்தால் பயந்தவன்போல இருக்கும், ஆகவே தாராளமாக வரட்டும் என்றேன். மனைவி எனக்குப் பக்கத்தில் ஏறினாள். பின்னால் மகளும் தோழிப் பெண்ணும். திரும்பும் பக்கத்தைக் காட்ட அந்தக் காலக் கார்களுக்கு இருந்த சின்னத் தகரக் கை கதவுத் தூணிலிருந்து நீள, தெருவில் நின்ற கழுதைகள் விலகி வழிவிட, நாங்கள் புறப்பட்டோம். அந்த இயந்திரம் பாடிய சத்தம் எனக்குப் பூசைப் பாட்டைவிட இனிமையாக இருந்தது. இப்படிச் சொல்வது பாவமென்றால் மன்னிக்கட்டும்.

தீவை விட்டுப் போகும் வாகனம் அந்தோனியாரடியில் நின்று உண்டியலில் காசு போட்டுவிட்டுத்தான் போகும். நாங்களும் நின்றோம். நான் இறங்கி, ஒரு பெரிய திரி கொளுத்தி, மொத்தப் பாகங்களுக்குமாக நன்றி சொன்னேன். பிறகு கிளப்பினேன். முதல் இழுவையிலேயே கிளம்பியது. காவலில் நின்ற ஆமிக்காரன் தன் போனில் எங்களைப் படம் எடுத்தான். நான் கைகாட்டினேன். பாலத்தில் ஏறினோம்.

நடுப்பாலத்தில் கார் இருமியது. இன்னொருமுறை இருமியது. சின்னக் கையை நீட்டி, கௌரவமாக ஓரத்தில் நின்றது. இரண்டு பக்கமும் கடல். பின்னால் வான்.

பொனற்றைத் திறந்தேன். வயர்களைத் தொட்டேன், ஒன்றும் இல்லை. பம்பைத் தட்டினேன், ஒன்றும் இல்லை. எத்தனை இயந்திரம் திருத்தியவன். அந்த நிமிடம் பெற்றோல் எந்தப் பக்கத்தால் வருகிறது என்றே மறந்துபோனது. காபரேற்றரின் மூடியைக் கழற்றி வேட்டி மடிப்பில் வைத்தேன். பட்டு வேட்டி. மகளின் முக்காட்டுத் துணி காற்றில் யன்னலுக்கு வெளியே பறந்தது. சித்தப்பா இறங்கி வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, என்ன பிரச்சினை என்று மரியாதையாகக் கேட்டார்.

வாய் திறந்தது. தெற்குக் காற்றுப் பாலத்தில் பக்கம் மாறி அடிக்கிறது என்றேன். பழைய காபரேற்றர் திறந்த மூக்குக்காரன், உப்பை நேராக இழுத்துவிடும், அதனால் மூச்சு முட்டும் என்றேன். புது வாகனங்களுக்கு இந்த நுணுக்கம் விளங்காது என்றும் சேர்த்துக்கொண்டேன்.

“உப்பு மூச்சோ?” என்றார்.

“ஓம். உப்பு மூச்சு.”

அவர் தலையை ஆட்டினார். ஓரக்கண்ணால் காருக்குள் பார்த்தேன். மனைவி குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“பூசைக்குப் பிந்தப்போகுது, அண்ணை. பிள்ளையை வானில ஏத்துவமோ?” என்று சித்தப்பா மெதுவாகக் கேட்டார். அவர் ஏளனமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மகள் யன்னலால் என்னைக் கூப்பிட்டாள். வானில் ஏறிவிடப் போகிறாள், சொல்லிவிட்டு ஏறப் போகிறாள் என்று நினைத்தேன். கிட்டப் போனேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“அப்பா, அந்தோனியாரடியில நிப்பாட்டேக்க, வலக்கையால கீழ என்னத்தைத் திருப்பினனீங்கள்?”

வாழ்க்கையில் முதல்முறையாக என்னிடம் சொல்வதற்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. சண்டை முடிந்து, மண்ணெண்ணெய்க் காலம் முடிந்து, அந்தக் கார்களும் முடிந்துபோயின. என் வலது கைக்கு மட்டும் யாரும் அறிவிக்கவில்லை. கள்ளனைப் பாலத்தில் பிடிக்க வைத்த பொறியில், நான் பட்டு வேட்டியோடு விழுந்திருந்தேன்.

நான் மூடியைத் திரும்பப் பூட்டும்வரை மகள் பொறுத்திருந்தாள். பிறகு தலையை வெளியே நீட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“மாமா, காத்து மாறீட்டுதாம். நான் இதிலதான் வாறன்.”

“அப்பனுக்குத் தப்பாமப் பிறந்திருக்கு” என்று மனைவி முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

நான் உள்ளே ஏறி, வேட்டியைச் சரிசெய்வதுபோலக் குனிந்து ரப்பைத் திறந்தேன். கிளப்பும் குமிழை இழுத்தேன். பம்ப் பெற்றோலை இழுத்துக்கொண்டு வரும்வரை கார் முனகியது. அதற்குள் அந்தோனியாருக்கு நான் நேர்ந்த திரிகளுக்கு ஒரு மெழுகுத் தொழிற்சாலையே வேண்டும். பிறகு பிடித்துக்கொண்டது. ஒருமுறை பிடித்தால் என் இயந்திரம் விடாது. உயிலங்குளம், முருங்கன், மடுச் சந்தி என்று ஒரு இருமல் இல்லாமல் போனோம். காட்டு வழியில் நான் அதை நன்றாகவே விரட்டினேன். வான்தான் எங்களைப் பிடிக்க வேகம் கூட்ட வேண்டியிருந்தது. இதற்குச் சாட்சி இருக்கிறது, என் மனைவி. ஆனால் சொல்லமாட்டாள்.

பூசைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். மகள் தான் சொன்ன சொல்லோடும் நான் சொன்ன சொல்லோடும், கோயில் முற்றத்தில் அந்தக் காரிலிருந்து இறங்கினாள். பெரியமடுக் கைபிடி ‘டிக்’ என்றது. மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் சின்னக் கையைத் தொட்டுப் பார்க்க ஓடிவந்தார்கள்.

மர நிழலில் காரை விட்டுவிட்டு இறங்கப் போகையில் சித்தப்பா வந்து கதவில் சாய்ந்தார்.

“ரப்பைப் பூட்டீட்டீங்களோ, அண்ணை?”

“ஓம்” என்றேன். சொன்னபிறகுதான் கேள்வி எனக்கு விளங்கியது. கையைப் பார்த்தேன். ரப் பூட்டித்தான் இருந்தது.

தானும் மண்ணெண்ணெயில் ஓட்டியவன்தான் என்றார் அவர். கிளிநொச்சிப் பக்கம், இதே ஏ ஃபோர்ட்டி, இதே இடத்தில் ரப். பாலத்தில் கார் இருமிய விதத்திலேயே தனக்கு விடயம் விளங்கிவிட்டதாம். அப்படியானால் ஏன் அங்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“உப்பு மூச்சு எண்டா என்னெண்டு முழுக்கக் கேக்க ஆசையா இருந்தது” என்றார். “அதுக்குள்ள பிள்ளை காத்தை மாத்திப்போட்டாள்.”

திரும்பி வரும்போது அவர் வானில் ஏறவில்லை. என் பக்கத்தில், என் மனைவி இருந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தார். மனைவி குளிரூட்டியைத் தேடி வானுக்குப் போய்விட்டாள். பின்னால் மாப்பிள்ளையும் பொம்பிளையும். கிளப்பக் கை நீட்டினேன். பொனற்றில் கட்டியிருந்த சிவப்புக் கலியாண ரிபனில் ஒரு துண்டு, ரப்பிலிருந்து கிளப்பும் குமிழ்வரை இழுத்து முடிச்சுப் போடப்பட்டிருந்தது. ரப்பைத் தொடாமல் குமிழை இழுக்கவே முடியாது. கண்ணாடியில் பார்த்தேன். மகள் யன்னலுக்கு வெளியே மரங்களை எண்ணுகிறவள்போல இருந்தாள்.

போன மாதம் பழைய கார்களில் ஆசையுள்ள ஒருவர் கொழும்பிலிருந்து வந்து என் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எல்லாம் அசல்தான், இந்தச் சிவப்பு ரிபன் மட்டும் என்ன என்று கேட்டார். அது காற்றுப் பக்கம் மாறி அடித்தால் காட்டுவதற்கு என்று தொடங்கி, உப்பு மூச்சுவரை விளக்கினேன். அவர் குறித்துக்கொண்டார்.