அம்மாவின் கையில் கட்டிய துணி

அம்மாவின் அலுமாரியில், கல்யாணச் சேலைக்கு அடியில் ஒரு வெள்ளைத் துணி இருந்தது. அண்ணன் குருப்பட்டம் பெற்ற அன்று ஆயர் அவனுடைய உள்ளங்கைகளில் கிறிஸ்மா என்ற வாசனைத் தைலம் பூசினார். அந்தக் கைகளைச் சேர்த்துக் கட்டிய துணி அது. பூசை முடிந்ததும் அவிழ்த்து அம்மாவிடம் கொடுத்தார்கள். குருவின் தாய் இறந்தால் அதைக் கையில் கட்டி அடக்கம் செய்வது வழக்கம். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக் கறுத்து வெடித்த கைகள் அம்மாவுடையவை. ஆண்டவர் முன்னால் போகும்போது அந்தக் கைகளுக்கும் காட்ட ஒன்று கிடைத்துவிட்டது என்று அவருக்கு அத்தனை பெருமை. அலுமாரியைத் திறந்தாலே தைலத்தின் வாசம் வரும்.

சில வருடங்களில் அண்ணன் குருத்துவத்தை விட்டு வெளியே வந்தான். முறையாக அனுமதி பெற்று, கம்பளையில் ஒரு பெண்ணைக் கட்டி, அங்கேயே ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கண்டியில் ஆசிரியையாக இருந்த நான்தான் அகப்பட்டேன். கோயிலில் விட்டால் குட்செட் பஸ் நிலையத்தில் பிடித்து, நலம் விசாரிப்பதுபோலக் கிண்டுவார்கள். எனக்கு அவன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "இன்னும் எதுக்கும்மா அந்தத் துணி? எரிச்சிடுங்க" என்று ஒருநாள் கத்தினேன்.

அம்மா அசையவில்லை. "கையை அவன் திருப்பி எடுத்துக்கிட்டான். பூசுன எண்ணெயை யாரு எடுக்கிறது?" என்றார். பிறகு, "நான் செத்தா அதை என் கையில கட்டணும். ஒன்னையத்தான் நம்பியிருக்கேன்" என்றார்.

அம்மா இறந்தது மழைக்காலத்தில். நான் துணியோடு பெட்டியருகே வந்ததும் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். "அது குருவோட தாய்க்குத்தானே, டீச்சர்?" என்றார் மாதர் சங்கத் தலைவி, தணிந்த குரலில்தான். வாசலோடு நின்றுவிட்ட அண்ணனும், "வேணாம் தங்கச்சி. என்னால அம்மாவுக்கு இன்னும் பேச்சு வேணாம்" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன்மேலா, அந்தப் பெண்கள்மேலா என்று இன்றுவரை தெரியவில்லை. "அம்மா கேட்டது இது. நீயே வந்து கட்டு" என்று அவன் கையில் திணித்தேன். சிமெந்து மூட்டை தூக்கித் தோலுரிந்த கைகள். அம்மாவின் இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்துக் கட்டினான். பெண்கள் ஜெபமாலையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

அத்தோடு என் மனம் ஆறிவிட்டது என்று சொன்னால் பொய். செய்தது சரிதானா என்று வேதாகமத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். அரசனாக அபிஷேகம் பெற்ற சவுல் வழி தவறிய பிறகும், ஆண்டவர் அபிஷேகம் செய்தவர் என்று சொல்லி தாவீது அவன்மேல் கை வைக்க மறுத்தான். அதே அபிஷேகம் பெற்ற அந்த தாவீதும் பிறகு தவறினான். பூசியதைத் துடைத்தெடுத்ததாக மட்டும் எங்கும் காணவில்லை.

போன மாதம் அண்ணனின் குழந்தைக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய். தண்ணீர் ஊற்றியபின் சாமியார் குழந்தையின் உச்சியில் தைலம் பூசினார். குனிந்து முத்தமிட்டேன்; அம்மாவின் அலுமாரி வாசம் மூக்கில் ஏறியது. அதே கிறிஸ்மாதான். குருவின் கைக்கு ஒன்று, பிள்ளையின் தலைக்கு ஒன்று என்று திருச்சபை இரண்டு வைத்திருக்கவில்லை. மறைக்கல்வி வகுப்பில் நானே எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்த பாடம் இது. சொல்லும்போது உறைக்கவில்லை.

பூசிய எண்ணெயை என்ன செய்தாய் என்று அண்ணனை ஊரே கேட்டது, நானும் கேட்டேன். என் தலையிலும் அதைத்தான் பூசியிருக்கிறார்கள். என்னை யாரும் கேட்டதில்லை.

இப்போது அந்த அலுமாரி என் வீட்டில். துணி அம்மாவோடு போய்விட்டது, வாசம் போகவில்லை. காலையில் பள்ளிக்குச் சேலை எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அது என்னையும் அதே கேள்வியைக் கேட்கிறது. சேலையை உருவிக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறேன்.